நான்காம் வாரக் கையெழுத்து

மணல் மூட்டைகள் இரண்டும் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியதும் ஏழாம் குழுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மூட்டைக்கு நாற்பது கிலோ, ஆக எண்பது. வகுப்பு முழுவதும் தளபதி என்று கூப்பிடுகிற குழுத் தலைவன், தாங்கள் செய்த தூக்கியின் கைப்பிடியை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினான். ஐந்தாவது சுற்றில் தூக்கியின் இரும்புக் கை, வெல்டிங் வைத்த இடத்தில், சோம்பேறி தலை சாய்ப்பது போல நிதானமாக வளைந்தது. அப்புறம் நிதானம் போய்விட்டது. டமால் என்று ஒரு சத்தம். பட்டறை முழுவதும் மணல் தூசி.

தூசி அடங்கியபோது ஸ்கேல் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தான். உயரமும் ஒல்லியும் சேர்ந்து அவனுக்கு வாங்கிக் கொடுத்த பெயர் அது. அவன் பாதத்துக்கும் மூட்டைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது.

"அடி பட்டுச்சாப்பா?" என்று ஓடிவந்தாள் மிஸ்.

"இல்ல மிஸ்," என்றான் அவன். சொன்னானே தவிர, சுவரை விட்டு வரவில்லை.

அவள் அந்தக் கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர். மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் பிள்ளைகளுக்கு வடிவமைப்பு வகுப்பு அவள் பொறுப்பு. புத்தகத்தை மனப்பாடம் செய்து எழுதுகிற தேர்வு இல்லாத ஒரே பாடம் அதுதான். நிஜமான ஒரு மனிதரின் நிஜமான சிரமத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். பன்னிரண்டு குழுக்கள், ஐம்பது பிள்ளைகள், அவள் ஒருத்தி. இந்தப் பாடத்தைக் கொண்டு வாருங்கள் என்று துறைத் தலைவரிடம் இரண்டு வருடம் நடையாய் நடந்தவளும் அவளே.

ஏழாம் குழு செய்ததுதான் இருப்பதிலேயே பெரிய வேலை. பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. தினமும் காலையில் அக்கா அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி மாற்றிவிட்டு வேலைக்கு வருவாள். அவள் முதுகு போய்விட்டது. பெல்ட் கட்டிக்கொண்டுதான் ஸ்டோரில் உட்காருவாள். அவருக்காகத்தான் இந்தத் தூக்கி.

சத்தம் கேட்டு ஸ்டோர் அக்கா வந்து வாசலில் நின்றாள். வளைந்த இரும்பைப் பார்த்தாள், கிழிந்த மூட்டையைப் பார்த்தாள்.

"இது அவரா இருந்திருந்தா?" என்றாள். உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து மணலைக் கூட்ட ஆரம்பித்தாள். பிள்ளைகள் வாங்கப் போனதற்குக் கொடுக்கவில்லை.

மதிப்பீட்டுக்குப் பதினொரு நாள் இருந்தது.

அரை மணி நேரத்தில் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"வெளியிலேர்ந்து மூணு பேர் பார்க்க வராங்கம்மா. பன்னெண்டு டேபிள்லயும் பன்னெண்டு ஓடணும். நின்னுபோன மெஷினை வெச்சுக்கிட்டு நான் என்ன கதை சொல்றது?"

"டைம் இருக்கு சார். சரி பண்ணிடுவாங்க."

"எதைச் சரி பண்றது? ஒரு பையனோட கால் போயிருக்கும். இனிமே அந்த லிஃப்ட்ல வெயிட் ஏத்தவே கூடாது, சொல்லிட்டேன்." குரலை இறக்கினார். "பின் தெருவுல ப்ராஜெக்ட் செஞ்சு விக்கிற கடை இருக்கு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சின்ன மாடல் வாங்கிப் பெயிண்ட் அடிச்சு வெச்சிடட்டும். நீங்க கண்ணை மூடிக்குங்க. உங்க கான்ட்ராக்ட் ஃபைலும் இந்த மாசம்தான் மேல போகுது."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். சரி என்று ஆட்டினாளா, முடியாது என்று ஆட்டினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் பட்டறையில் தளபதியும் ஸ்கேலும் எதையோ துணியால் மூடி வைத்திருந்தார்கள். விலக்கிப் பார்த்தாள். பொம்மைக் கட்டில், பொம்மை நாற்காலி, நடுவில் பேட்டரியில் ஓடும் குட்டித் தூக்கி. கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரனின் ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"எச்ஓடி சார் உங்ககிட்ட பேசிட்டேன்னாரு மிஸ்," என்றான் தளபதி. எப்போதும் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவன், அன்று தரையைப் பார்த்துப் பேசினான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். "உங்க குழுவுல ஒரு பொண்ணு இருந்தாளே, எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"சைலன்ட்டா? அவ வந்தே மூணு வாரம் ஆச்சே மிஸ்," என்றது ஒரு குரல். மூலையில் பெஞ்சின் மேல் தலை வைத்திருந்த நாலாவது ஆள். அவன் பெயர் தூக்கம்.

மூன்று வாரம். அவளுக்குத் தெரியாது. ஏழாம் குழுவில் யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள், அது பெரும்பாலும் தளபதியாக இருக்கும். அதனால் அந்தக் குழு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு குழுக்களின் வாரக் குறிப்பேடுகளையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். ஒவ்வொருவரும் வாராவாரம் அரைப் பக்கம் எழுத வேண்டும், மிஸ் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவளே வைத்த ஏற்பாடுதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எம்மாடி, எவ்வளவு கையெழுத்து! எங்க கடைக்கு வர டாக்டர் சீட்டுல கூட இவ்வளவு வேகமான கையெழுத்தை நான் பாத்ததில்ல."

அவள் சிரித்தாள். ஏழாம் குழுவின் நோட்டை எடுத்து, சைலன்ட்டின் பக்கங்களைப் புரட்டினாள். நான்காம் வாரம் வந்தது. சின்னச் சின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

'கையின் தடிமனை ஐம்பது கிலோவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம். அந்த எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சும்மா ஒரு அளவு என்றார்கள். ஸ்டோர் அக்காவிடம் கேட்டேன், அவர் எண்பத்திரண்டு கிலோ. மறுபடி கணக்குப் போட்டேன், கை தாங்காது. குழுவில் சொன்னேன், இரும்பு வெட்டியாகிவிட்டது, விடு என்றார்கள். மிஸ், நீங்கள் ஒரு தடவை சொன்னால் கேட்பார்கள்.'

கீழே அந்தப் பெண்ணின் கணக்கு முழுவதும் இருந்தது. அதற்கும் கீழே பச்சை மையில் ஒரு சொல். 'நன்று.' பக்கத்தில் அவள் கையெழுத்து.

ஐந்தாம் வாரம்: 'மிஸ் நோட்டைப் பார்த்தார்கள். நன்று என்று போட்டிருக்கிறார்கள். ஒருவேளை என் கணக்குத் தப்பாக இருக்கலாம்.' அதற்குக் கீழேயும் கையெழுத்து. ஆறாம் வாரம்: 'இந்த வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை.' கையெழுத்து. அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.

வீட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "என்னாச்சு?"

அவள் நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் படித்தார். ஏதாவது தமாஷாகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். அவர் நோட்டை மூடி மெதுவாக அவள் பக்கமே தள்ளினார்.

"பத்து வருஷமா பாடம் நடத்துறேன்," என்றாள். "ஸ்கேல் கால்ல அந்த மூட்டை விழுந்திருந்தா, அது என் கையெழுத்துங்க." எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் கதவிடுக்கில் வெளியே வந்தது. அவர் கூப்பிடவில்லை, துணி போட்டுத் துடைத்தார்.

திங்கட்கிழமை காலை பெண்கள் விடுதிக்குப் போனாள். சைலன்ட்டின் அறையில் ஒரு கட்டிலில் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. பெட்டி தயாராக இருந்தது. அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குக் கிளம்பிட்டியா?"

"அப்பா சாயந்திரம் வராரு மிஸ். வேற ஏதாவது படிக்கிறேன். இது எனக்குச் சரிப்பட்டு வரல."

"உன் நாலாவது வாரம் படிச்சேன்."

சீப்பு நின்றது.

"நேத்துதான் படிச்சேன்," என்றாள் மிஸ். "அன்னைக்குப் படிக்கல. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். உன் கணக்கு சரி. லிஃப்ட் எங்க உடையும்னு நீ எழுதியிருந்தியோ அங்கயேதான் உடைஞ்சுது. என்னை மன்னிச்சிடும்மா."

ஒரு பெரியவர் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் பதறிப்போய், ஐயோ பரவாயில்லை என்பார்கள். இவள் சொல்லவில்லை. சீப்பின் பற்களைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் வாயால சொன்னா யாருக்கும் கேக்காது மிஸ். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அதான் எழுதினேன்." சீப்பைப் பெட்டியின் மேல் வைத்தாள். "எழுதினாலும் கேக்கலைன்னா அப்புறம் நான் என்ன பண்றது?"

மிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "எட்டு நாள் இருக்கு. நீ வந்தா தேறிடும்னு சொல்ல வரல. தேறாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்த பொம்மையை மேசையில வெக்க நான் விடமாட்டேன். வரதும் வராததும் உன் இஷ்டம்."

சைலன்ட் அப்பாவுக்குப் போன் செய்து பத்து நாள் தள்ளி வரச் சொன்னாளாம். அது மிஸ்ஸுக்குப் பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் பட்டறைக்கு வந்து நின்றாள். மிஸ் நான்காம் வாரக் குறிப்பைக் குழுவுக்கு வாசித்துக் காட்டினாள், தன் 'நன்று'வையும் சேர்த்து.

தளபதிதான் முதலில் வாயைத் திறந்தான். "விடுன்னு சொன்னது நான்தான்." பிறகு, "எனக்குக் கணக்குப் புரியல. புரியலைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"எனக்கும்தான் புரியல," என்றான் ஸ்கேல்.

அன்று சாயந்திரமே மிஸ்ஸும் குழுவின் நாலு பேரும் ஸ்டோர் அக்கா வீட்டுக்குப் போனார்கள். பத்து வாரமாக அந்த வீட்டு மனிதருக்குக் கருவி வரைந்தவர்கள் அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பது அதுவே முதல் தடவை. அக்கா கதவைத் திறந்து, உள்ளே வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் நின்றாள்.

"செஞ்சது உடைஞ்சு போச்சு அக்கா," என்றாள் மிஸ். "தப்பு எங்களோடது. நீங்க எப்படித் தூக்குறீங்கன்னு ஒரே ஒரு தடவை காட்டுங்க."

"வேடிக்கை பாக்கவா?"

"கத்துக்க."

சிறிய அறை. சுவரோரம் கட்டில், அதன் அடிப்புறம் முழுவதும் பெட்டிகள். தூக்கியின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் அது நிற்கும். இங்கே ஒரு செருப்புக்கூட நுழையாது. ஸ்கேல் அதைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

அக்கா வீட்டுக்காரரின் அக்குளில் கை கொடுத்து, மூச்சைப் பிடித்து, அவரைத் தன் மார்போடு இழுத்துத் தூக்கினாள். அவருடைய இடக் கை காற்றில் எதையோ பிடிக்கத் தேடியது, அங்கே சுவர் மட்டும்தான் இருந்தது. நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். இருவருக்கும் மூச்சிரைத்தது. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றாள், நிமிர முடியவில்லை.

வீட்டுக்காரர் ஏதோ சொன்னார். வாய் கோணி வார்த்தை குழைந்திருந்தது. யாருக்கும் புரியவில்லை. அக்காகூட, "என்னங்க?" என்றாள். சைலன்ட் மட்டும் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். அவர் மறுபடி சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"மூட்டை மாதிரி தொங்கவிடாதீங்கன்னு சொல்றாரு," என்றாள். "லிஃப்ட் வேணுமான்னு அவர்கிட்ட யாருமே கேக்கலையாம்."

"என்கிட்டயும்தான் சொல்லல," என்றாள் அக்கா, கோபமும் அழுகையும் கலந்து. "ரெண்டு வருஷமா சுமக்கிறேன், ஒரு வார்த்தை!"

அப்போது தூக்கம் கொட்டாவியை மென்று முழுங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "அங்கிளுக்கு இடது கை நல்லாத்தானே இருக்கு. அது எதுக்கு சுவர்ப் பக்கம் இருக்கு? கட்டிலைத் திருப்பிப் போட்டா என்ன?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பெட்டிகளை வெளியே எடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். தலைமாடு கால்மாடானது, இடக் கை அறைப் பக்கம் வந்தது.

அங்கிருந்து வேலை வேறாகிவிட்டது. தூக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். நாற்காலியின் உயரம் ஐம்பது சென்டிமீட்டர், கட்டிலின் உயரம் நாற்பது. கட்டில் கால்களுக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டைகள், கால் வழுக்காமலிருக்க நடுவே குழி. இரண்டுக்கும் குறுக்கே ஒரு வழவழப்பான பலகை. நாற்காலியின் ஒரு பக்கக் கைதாங்கியை அறுத்து, ஒரு இரும்பு ஊசி செருகிக் கழற்றி மாட்டும்படி செய்ய வேண்டும். அவர் தன் இடக் கையால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே சறுக்கிப் போகலாம், அக்கா பக்கத்தில் பிடித்துக்கொண்டால் போதும். சைலன்ட் கணக்கு எழுதினாள், தளபதி ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். அவள் சொன்னாள், மறுபடி கேட்டான், மறுபடியும் சொன்னாள். மூன்று நாளைக்குள் அவள் குரல் இரண்டு பெஞ்சு தள்ளிக் கேட்டது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் பலகை நடுவில் விரிசல் விட்டது. கைதாங்கி ஊசி சிக்கிக்கொண்டு ஸ்கேல் விரல் நசுங்கியது. மீதிப் பதினொரு குழுக்களின் குறிப்பேடுகளையும் மிஸ் உட்கார்ந்து படித்தாள். மூன்றாம் குழுவில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தார்கள். ஒன்பதாம் குழுவின் கருவி முழுவதும் பின் தெருக் கடையில் வாங்கியது. அதையெல்லாம் சரிசெய்ய நாளும் இல்லை, அவளுக்குத் தெம்பும் இல்லை.

மதிப்பீட்டன்று வெளியிலிருந்து வந்த மூவர் ஏழாம் மேசையில் நின்றார்கள். கட்டில் காலுக்கு நாலு கட்டை, ஒரு பலகை, கை கழன்ற ஒரு நாற்காலி. பக்கத்து மேசைகளில் விளக்குகள் எரிந்தன, மோட்டார்கள் சுழன்றன.

"இதுல மோட்டார் எங்கப்பா?" என்றார் ஒருவர்.

"மோட்டார் இல்ல சார்," என்றான் தளபதி.

"மூணு மாசத்துல ஒரு பலகையா?"

"பத்து வாரம் வேற ஒண்ணு செஞ்சோம் சார்," என்றாள் சைலன்ட். வளைந்த இரும்புக் கையை மேசைக்கடியிலிருந்து எடுத்து மேலே வைத்தாள். "அது தப்பு. ஏன் தப்புன்னு சொல்றேன்." சொன்னாள். பயந்துகொண்டுதான் சொன்னாள். ஆனால் கடைசி வரை சொன்னாள்.

அவர்களில் ஒருவர் குனிந்து கைதாங்கி ஊசியை இரண்டு தடவை செருகி எடுத்துப் பார்த்தார். மற்ற இருவரும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். மதிப்பெண் வந்தபோது ஏழாம் குழு கடைசியிலிருந்து இரண்டாவது, தேர்ச்சிக்கு மேலே ஒரு மயிரிழை. கடையில் வாங்கிய ஒன்பதாம் குழுவுக்குப் பரிசு. பலகையும் கட்டைகளும் நாற்காலியும் ஸ்டோர் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

மிஸ் பாட அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள், படிக்காமல் போட்ட கையெழுத்து உட்பட. துறைத் தலைவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை எதுக்கும்மா எழுதிக் குடுத்தீங்க? யாராவது கேட்டாங்களா?" ஃபைல் மேலே போனது, திரும்பி வரவில்லை. அடுத்த பருவத்துக்கு அவள் பெயர் கால அட்டவணையில் இல்லை.

வீட்டில் இருந்தாள். விண்ணப்பங்கள் அனுப்பினாள். சில நாள் மத்தியானம் வரை தலை வாராமல் உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு குழுக்களை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தோம் என்கிற நினைப்பு வந்தால் சாப்பாடு இறங்காது. வீட்டுக்காரர் கடையிலிருந்து போன் செய்து, "சாப்டியா?" என்பார். "ம்" என்பாள். அது பொய் என்று அவருக்குத் தெரியும்.

வேலை போன ஏழாவது வாரம் ஒரு காலையில் ஸ்டோர் அக்கா போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே கத்தினாள்.

"மிஸ், நீங்க பாத்த வேலையைப் பாருங்க! நான் காலையில கடைக்குப் போன நேரத்துல இந்த மனுஷன் தானாவே பலகையைப் போட்டு நாற்காலிக்கு வந்திருக்காரு!"

"ஐயோ! விழுந்துட்டாரா?"

"நேத்து வந்துட்டாரு. வாசல் வரைக்கும் போய் உக்காந்திருந்தாரு, பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. இன்னைக்கும் அதே வேலை, விழுந்துட்டாரு. முழங்கையில சிராய்ப்பு. இனிமே தொட்டா பலகையை உடைச்சு அடுப்புல வெச்சிடுவேன்னேன். மனுஷன் பேசவே மாட்டேங்கிறாரு, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு." மூச்சு வாங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் பிரித்தறிய முடியவில்லை. "பலகை ஓரத்துல பிடிக்க ஒண்ணும் இல்லையாம். அதான் வழுக்குதாம். ஒரு பிடி வெக்கணுமாம். அந்தப் பொண்ணைக் கூப்பிடு, அவளுக்குத்தான் நான் பேசுறது புரியும்கிறாரு. அவ நம்பர் குடுங்க."

மிஸ் நம்பரைச் சொன்னாள். அக்கா எழுதிக்கொள்வது கேட்டது.

"எந்தப் பக்கம் வழுக்குது அக்கா? கட்டில் பக்கமா, நாற்காலி பக்கமா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்?"

"சரி, அவரை இப்போ எதுவும் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் மிஸ், சீப்பைத் தேடிக்கொண்டே. "நானும் வரேன்."